வெட்டுமுகம்

முதல் நாள் கஸ்மிரா வீட்டு வாசலில்
நான் குனியவில்லை.
நெற்றி புடைத்துவிட்டது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
மீன் கூடையிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து
முந்தானையில் துடைத்துத் தந்தாள்.
அன்று முழுக்க என் புருவத்தில்
கானாங்கெளுத்தி வாடை.

செமாராங்கின் வடக்கு ஓரம் இது.
கடல் இங்கே அலையாக வருவதில்லை.
சாக்கடை வழியே, கழிவறை வழியே,
தரையோட்டு இடுக்கு வழியே
வாடகை பாக்கி கேட்பவனைப் போல
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரும்.
'ரோப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்,
ஏதோ அண்டை வீட்டுக்காரன் பெயர் மாதிரி.
நகரம் ஆழ்துளையிட்டு உறிஞ்ச உறிஞ்ச
நிலம் விரல் விரலாக இறங்குகிறது.
தரையை உயர்த்திக்கொள்கிறார்கள்.
கூரையை உயர்த்தக் காசு போதாது.

லேசர் கருவியால் அளந்தேன்:
தரைக்கும் கூரைக்கும் இரண்டு மீட்டர்.
மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்,
கொக்கி மட்டும் தொங்குகிறது.
கதவை மூன்று முறை அடியில் அறுத்ததில்
கைப்பிடி முழங்காலுக்கு வந்துவிட்டது.
அறுத்த பலகைகள் கோழிக்கூட்டில் இருக்கின்றன,
அதே பச்சை நிறத்தில்.

என் படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள்.
கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இந்தத் தெருவுக்கு
மீள்திறன்: மிக உயர்வு.
மகிழ்ச்சியோடு சொல்லவும் செய்தேன்.
இறால் உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"மார்க் வந்தா சிமெண்டு வருமா, பு வெனிங்?"

எங்கள் மொழியில் அந்தச் சொல் கெதஹானான்.
தஹான் என்றால் தாங்கு.
சிறையில் இருப்பவனுக்கும் அதே வேர்தான்: தஹானான்.
பதினெட்டு வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன்.
இரண்டையும் ஒரே வாயால் சொல்லிப் பார்த்தது
அன்று திரும்பி வரும்போதுதான்,
தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு.

பிறகு அவள் வீட்டை வெட்டுமுகமாக வரைந்தேன்.
வழக்கமாக ஓரத்தில் களிமண், வண்டல், மணல் என்று குறிப்போம்.
சிவப்புச் சிமெண்டு, இருபது சென்டிமீட்டர்:
காதுத் தோடு, இரண்டு கிராம்.
அதன்மேல் பூப்போட்ட ஓடு:
படகு எஞ்சின். தவணையில்
ஏழு மாதம்தான் பாக்கி இருந்தது.
அதன்மேல் பூசாத ஜல்லி:
மகள் சுந்தாரியின் நர்சிங் படிப்பு,
மூன்றாம் பருவத்திலிருந்து.
அந்த மகள்தான் எனக்கு டேப் பிடித்தாள்.
நுனியைச் சுவரோடு அழுத்திக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

ஆய்விதழ் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்:
படம் ஐந்தில் அலகுகள் சீராக இல்லை.
நீக்கிவிடலாம்.

மாநகராட்சிக் கூட்டத்தில் கடற்சுவர் பேச்சு.
பொறியாளர் சுரோசோ தடித்த மார்க்கரால்
வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார்.
நல்ல கோடு. கை நடுங்கவில்லை.
மூன்று மில்லிமீட்டர் மை
தரையில் பதினைந்து மீட்டர்.
கஸ்மிராவின் வீடு நான்கு மீட்டர் அகலம்.
சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றேன்.
குனிந்து பார்த்தார்.
கோட்டுக்கு உள்ளே என்றார், உண்மையான வருத்தத்தோடு.
கூரான பென்சில் கேட்டு வாங்கினேன்.
இப்போது ஒன்றரை மீட்டர்தான்.
எந்த அறையை?

இதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது என்றுதான்
பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது.
சதுப்புக் காடு, நீரை உள்வாங்கும் பூங்கா,
ஆழ்துளைக்குத் தடை: எல்லாம் சரியான பதில்கள்.
முப்பது வருடத்தில் பலன் தரும்.
ரோப் இன்றிரவு பதினொன்று நாற்பதுக்கு.

நேற்று விரிவுரை அரங்கின் வாசலில்
தலையைக் குனிந்து நுழைந்திருக்கிறேன்.
மூன்று ஆள் உயரக் கதவு அது.
என்ன தொலைந்தது மேடம் என்று
தீர்த்தோ தரையில் தேட ஆரம்பித்துவிட்டான்.

படம் ஐந்தை நான் நீக்கவில்லை.
நான்காவது அடுக்குக்கு
புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
ஓரத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.
பழைய தையல் மெஷின் என்ன விலைக்குப் போகும் என்று
காலையில் கஸ்மிரா கேட்டிருந்தாள்.