கரை இறங்கும் சீட்டு

காங்கேசன்துறையில் கப்பலைக் கட்டியதும்
மேல்தளத்து ஆட்களுக்கு ஏசி பஸ் வந்து நின்றது,
கோட்டை, நூலகம், கீரிமலை என்று கண்ணாடியில் ஒட்டி.
சலவை அறைக்கு ஐந்து மணி நேரம்,
முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு.

சட்டைப்பையில் இன்னொரு சீட்டும் இருந்தது.
பினோய்க்குச் சவர பிளேடு.
பேக்கரி ரொசாரியோவுக்கு மிளகாய்த்தூள், நல்லா உறைக்கணும்.
இஸ்திரி மேசைக்கு எதிரே நிற்கும் தாபாவுக்குச்
செருப்பு, ஒன்பதாம் நம்பர், எந்த நிறமானாலும்.
எனக்குக் கருப்பட்டி.
தூத்துக்குடிக்காரன் கடல் தாண்டிப் போய்க்
கருப்பட்டி வாங்குவானா என்று சிரித்தார்கள்.
நாலு மாதம் கப்பல் காப்பி குடித்தவனைக் கேட்க வேண்டும்.

சுன்னாகம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
வழியெல்லாம் செம்மண், வெங்காயத் தறைகள்.
கூரையில்லாத ஒரு வீட்டுக்குள்
முருங்கை காய்த்துத் தொங்கியது.
மிச்சக் காசு தந்த கண்டக்டர்
"எவடம் நீங்கள்?" என்றான்.
கப்பல் என்றேன்.
அது ஊர் இல்லையே என்பதுபோல் பார்த்தான்.

செருப்பு கிடைத்தது, கிளிப்பச்சை.
பிளேடு கிடைத்தது.
மிளகாய் அரைக்கும் கடையில் தும்மித் தும்மிக்
கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தால்
ஓலைப்பெட்டிகள் தொங்கும் ஒரு வாசல்.
திலகேஸ்வரி ஸ்டோர்ஸ்.
கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தவர்தான் திலகேஸ்வரி.

"கருப்பட்டி இருக்காக்கா?"
"அது என்ன சாமான்?"
கையால் வட்டம் போட்டேன். நாக்கைச் சப்பிக் காட்டினேன்.
பனைமரத்தின் உயரத்தையும் காட்டினேன்.
"அட, பனங்கட்டியே!
கேக்கத் தெரியாமல் நிண்டு ஆடுறீர்."
எடுத்து வைத்தார்: குழந்தையின் கைப்பிடி அளவு
ஓலைக் குட்டான், உள்ளே கறுப்பாய் உறைந்து.
எங்கள் ஊரில் சிரட்டையில் ஊற்றுவோம்.
ஓலையில் ஊற்றினால்
ஓலைக்கும் கொஞ்சம் மிஞ்சும் போல.

அப்போது ஏசி பஸ் வந்து நின்றது.
இறங்கியவர்களில் ஒரு முகமும் எனக்குத் தெரியாது.
துணிகளைத் தெரியும்.
அந்த வெள்ளைச் சுடிதார், முழங்கையில் காப்பிக் கறை,
இரண்டு தடவை ஊறவைத்தது.
லினன் பேன்ட்டின் பையில் எந்நாளும் பல்குத்தும் குச்சி.
நீலத்தில் மஞ்சள் கிளி போட்ட சட்டை, அறை எழுநூற்றுப் பதினாலு:
மூன்றாவது பொத்தான் நான் தைத்தது,
நூல் மட்டும் வேறு நீலம்.

கிளிச்சட்டை என்னைத்தான் கூப்பிட்டது.
"தம்பி, இது என்னப்பா? எவ்ளோ?"
அக்கா உள்ளே இந்திய நோட்டை
இலங்கைக் காசாக்கிக்கொண்டிருந்தார்.
விலை சொல்லிவிட்டு, வாயை மூடியிருக்கலாம்.
"பனங்கட்டி ஐயா. தேத்தண்ணியோட கடிச்சுக் குடிக்கோணும்."
எந்தத் தேத்தண்ணி, எங்கிருந்து வந்தது,
எனக்கே தெரியாது.
"இவங்க தமிழே தனி அழகு" என்றார் மனைவியிடம்.
பத்துக் குட்டான். பேரம் பேசவில்லை.
ஒரு படம் எடுத்துக்கலாமா என்றார்.
பச்சைச் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
யாழ்ப்பாணத்தானாக நின்று கொடுத்தேன்.

பஸ் போகும் வரைக்கும் அக்கா சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தார்.
"நாளைக்கும் வாரும், சம்பளம் தாறன்."
என் குட்டானுக்குக் காசு நீட்டினேன், தள்ளிவிட்டார்.
"போம். கப்பலை விட்டிடுவீர்."

இரவு பதினொன்றுக்கு அழுக்கு மூட்டைகள் இறங்கின.
மூன்றாவது மூட்டையில் கிளிச்சட்டை,
காலரில் செம்மண்,
பொத்தானைச் சுற்றிப் பிசுபிசுப்பு.
பையைத் திருப்பினால், பல்பதிந்த ஓலைத் துண்டு.
செருப்பு விரலை இடிக்கிறது, பரவாயில்லை என்று
தாபா சொல்லிவிட்டுப் போனான்.
வெந்நீர் ஏறிக்கொண்டிருந்தது.
ஒருவரும் பார்க்கவில்லை.
ஓலையை வாயில் போட்டுக்கொண்டேன்.
மிச்சம் இருந்தது.