காக்கை பறக்கும் தூரம்

எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.
பெயர் யோகேந்திரன்.
வண்டி பழைய வேகன்-ஆர், மூன்றாவது கை,
தவணை இன்னும் பத்தொன்பது மாதம்.
முதலாளி பெயர் என்ற கட்டத்தைக்
காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.
கூப்பிட்டால் ஒரு பெண்குரல்
ஒன்றை அழுத்தச் சொல்கிறது,
அழுத்தினால் இரண்டை.
அந்தக் குரலை எழுதலாமா என்று
நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குன்னூர் பெட்ஃபோர்டில் ஏற்றி
கேத்தி பாலாடாவில் இறக்கினேன்.
செயலி காக்கையைப் போல நேராகப் பறந்து
ஏழு கிலோமீட்டர் என்றது.
என் வண்டிக்குச் சிறகில்லை.
அருவங்காடு தாண்டி, எல்லநள்ளி ஏறி,
கேரட் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி
பதிமூன்று புள்ளி நான்கு.
மீட்டர் பார்த்து எழுதிய நோட்டு இதோ,
ஈரம் பட்ட பக்கங்களை மன்னியுங்கள்.
மிச்சம் ஆறு புள்ளி நான்கை
யார் ஓட்டியது?

ஜனவரி ஒன்பது, சிம்ஸ் பார்க்குக்கு மேலே
காட்டெருமை.
ஆர்.சி. புத்தகம் கேட்கப்போவது போல
நடுரோட்டில் நின்று அசைபோட்டது.
ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைத் தணிக்க வேண்டும்,
இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.
பதினோரு நிமிடம்.
காத்திருந்தவர்கள் ரத்து செய்துவிட்டார்கள்.
தாமதம் ஏன் என்று செயலி கேட்டது:
வாகனப் பழுது, நெரிசல், சொந்தக் காரணம்.
எருமைக்குக் கட்டம் இல்லை.
சொந்தக் காரணத்தைத் தொட்டேன்.
மூன்று நாள் முடக்கினார்கள்.
அன்றிலிருந்து அந்த எருமை எனக்குச் சொந்தம்தான்,
பார்த்தால் கும்பிட்டுக்கொள்கிறேன்.

பனிமூட்டத்தில் இருபதில் உருட்டினேன் என்று
சென்னைக்காரர் ஒருவர்
இரண்டு நட்சத்திரம் கொடுத்தார்.
முழுசாக இறங்கிய பிறகுதான் கொடுத்தார்.
குறித்துக்கொண்டீர்களா?

இவர் பெள்ளிராஜ், டாக்ஸி ஸ்டாண்டு செயலாளர்.
போன வருஷம் என் பக்கக் கண்ணாடியை உடைத்தவர்.
தன் வயிற்றில் நான் மண் போடுவதாகச் சொன்னார்.
பொய்யில்லை.
நான் ஏற்றும் ஒவ்வொரு குடும்பமும்
அவர் வரிசையில் நகராத ஒரு கார்.
அவர்கள் ஸ்டாண்டில் ஒரு தகரப் பலகை:
லேம்ஸ் ராக் இவ்வளவு, டால்பின் நோஸ் இவ்வளவு.
மழை பெய்தால் அந்த எண்கள் நனையும்,
மாறாது.
ஒருநாள் ஆள் இல்லாதபோது
இதற்குக் கமிஷன் எங்கே எழுதியிருக்கும் என்று
பலகையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.
துருதான் இருந்தது.

இன்று இவர் என் வண்டியில்தான் ஊட்டிக்கு வந்தார்,
முன் சீட்டில், இலவசமாக.
கண்ணாடிக் காசை இன்னும் தரவில்லை.
அது வேறு வழக்கு.

நல வாரிய அட்டை வாங்கிவிட்டேன்,
பையில் இருக்கிறது.
அட்டை என்னை யாரென்று கேட்காமல் ஒப்புக்கொள்கிறது,
கம்பெனிதான் பார்ட்னர் என்கிறது.
பார்ட்னர் என்றால் லாபத்தில் பாதி இருக்க வேண்டுமே,
எனக்கு டயரில்தான் முழுப் பங்கு.
ஏழு என்று போடும் இடத்தில்
பதிமூன்று போடச் சொல்லுங்கள்.
முடக்குவதற்கு முன்னால்
ஏன் யோகேந்திரா என்று
யாராவது ஒருவர், இருமுகிற தும்முகிற ஒருவர்,
கேட்கச் சொல்லுங்கள்.

பொறுங்கள், அடிக்கிறது.

பதினைந்து விநாடி.
அதிர்ந்து அதிர்ந்து மேசைமேல் நகர்ந்து
உங்கள் கோப்பைத் தொடுகிறது.
சேரிங் கிராஸ், இரண்டு பேர், தொட்டபெட்டா.
நீங்களும் பேனாவை நிறுத்திவிட்டீர்கள்.
பெள்ளிராஜ் ஜன்னலைப் பார்க்கிறார்.
இந்த அறையில் இவ்வளவு பேர் இருந்து
இவ்வளவு அமைதி
காலையிலிருந்து இல்லை.

நின்றுவிட்டது.

எண்பத்தொன்றாக இருந்த ஏற்பு விகிதம்
இப்போது எண்பது.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்:
சாட்சி சொன்ன நேரத்தில்
குறைந்தது, ஒன்று.