உயரம் எவ்வளவு வேண்டும்

குலசேகரத்திலிருந்து ஏழே காலுக்கு ஃபோன்.
ரப்பர் டிப்போவில் கணக்கு எழுதும் ரூபிபாய்.
"மக்களே, மெனுவில ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்ல.
ஒட்டுப்பால் ஒடடுபபால ஆயிப்போச்சு.
கூலிக்கு வால் இல்ல.
வேற எல்லாம் நல்லா இருக்கு."

அந்த 'வேற எல்லாம்'
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
டீயோடு தொண்டையில் நின்றது.

மெனுவைச் சும்மா விட்டால் கணினியே எழுதிக்கொள்ளும்,
தனக்குத் தெரிந்த கையெழுத்தில்.
'வேண்டாம், நான் வரைகிறேன்' என்று
நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால்
மறுபேச்சில்லாமல் விலகிவிடும்.
விலகும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்கும்:
உயரம் எவ்வளவு வேண்டும்?
சொன்னதும் ஒரு செவ்வகத்தைக் கையில் தந்து
வரை என்னும்.
மவுஸ் வந்து மேலே நின்றால்
நீலம் பூச வேண்டியது நீ.
பூசிய நீலத்தில் எழுத்தை வெள்ளையாக்க வேண்டியதும் நீ.
மறந்தால் மறந்ததுதான்,
யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

நான் பதினெட்டு பிக்சல் என்று சொல்லியிருந்தேன்.
இரவு பதினொன்றரை.
புரோட்டா பொட்டலத்துக்குள் விறைத்துக்கொண்டிருந்தது.
ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் சோதித்தேன்.
அவை தலை இடிக்காமல் நின்றன.
தமிழ் வந்து நிற்கும்போது
மேலே புள்ளிக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் கேட்கும் என்று
தமிழிலேயே கணக்குப் பாடம் படித்த எனக்குத்
தோன்றவில்லை.

இருபத்தாறு என்று மாற்றினேன்.
ஒட்டுப்பாலுக்கு மூன்று புள்ளி.
எண்ணிப் பார்த்தேன்.

அடுத்தது 'கொள்முதல்'.
க-வைத் தட்டினால் திறக்க வேண்டும்,
ஆகவே க-வுக்கு அடியில் ஒரு கோடு.
கோடு போய்க் கொம்பின் கீழ் விழுந்தது.
நகர்த்தினேன், காலின் கீழ் போனது.
நடுவில் க
வெறுங்காலோடு நின்றது.
கடைசியில் மூன்றுக்குமாகச் சேர்த்து
நீளமாக ஒன்று இழுத்துவிட்டேன்.
ஒரே எழுத்துதானே, எதற்குப் பங்கு பிரிப்பது.

பென்டிரைவோடு பஸ் ஏறிய அன்று மழை.
திருவட்டாறு தாண்டும் முன்னே
ஷட்டர்கள் எல்லாம் இறங்கிவிட்டன.
டிப்போவில் புகைபோட்ட ஷீட்டின் வாடை.
வெட்டுக்காரர் யாரும் வரவில்லை,
ரூபிபாய் மட்டும் திரைக்கு மிக அருகில்
கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி.

"இது எழுதியிருக்கா, அழிஞ்சு போச்சா?"

பால் வரவு.
வெட்டு இல்லாத நாளில் அது திறக்காது.
திறக்காதது சாம்பல் நிறம்,
எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம் என்றேன்.

"வழக்கம் இருக்கட்டு.
எனக்கு வாசிக்கணும்.
இப்பம் எதுக்கு இல்லேன்னும் தெரியணும்."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து
சாம்பலை எடுத்துவிட்டு
காய்ந்த ஷீட்டின் பழுப்பை ஊற்றினேன்.
குறுக்கு விசைகள் நிற்கிற வலது ஓரத்தில்
பால் வரவுக்கு நேராகச் சின்னதாய்:
மழை.
பணப் பட்டுவாடாவுக்கு நேராக:
சனிக்கிழமை.
'முதலாளி கணக்கு'க்கு வந்தபோது
என்ன எழுத என்று கேட்டேன்.
ரூபிபாய் வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"அதுக்கு ஒண்ணும் எழுதாண்டாம்."

சாம்பலை அதற்கு மட்டும் விட்டுவைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், ஆற்றூர் பக்கம்,
ஷட்டரின் இடுக்கில் வந்த நீர் முட்டியை நனைக்கையில்
நினைவு வந்தது:
ஷீட் கொண்டுவருகிறவர்கள் பட்டியலில்
ஸ்ரீகண்டன் என்று ஒருவர் உண்டு.
அந்த ஸ்ரீ
மேலே எவ்வளவு போகும், கீழே எவ்வளவு இறங்கும்?
இருபத்தாறு போதுமா?