நீர் நிற்கும் இருபது நிமிடம்

வெஸ்ட்மன்னா நீரிணை. பிப்ரவரி.
விடிய இன்னும் நான்கு மணி நேரம்.
நாற்பது மீட்டர் ஆழத்தில்
வடத்தில் கட்டிய இரும்புப் பட்டம் ஒன்று
ஓட்டுநர் உரிமத்துக்கு வந்தவனைப் போல
எட்டுப் போட்டபடியே இருக்கிறது,
கால் ஊன்றாமல்.

காற்றில் அல்ல, ஓதத்தில் பறக்கும் பட்டம்.
அதன் தயவில்தான்
கரையில் அடுப்புகள் சுடுகின்றன,
மாதா கோயிலின் ஹீட்டர் முனகுகிறது.
ரன்வாவின் மடிக்கணினிக்கும்
நேற்றிரவு அதுதான் சோறு போட்டது.

அவள் வேலை கேட்பது.
படகின் ஓரத்தில் ஒலிவாங்கியை இறக்கிவிட்டுக்
குளிரில் தோள்களைக் காதுவரை ஏற்றிக்கொண்டு
கேட்பது.

நாம் மாத்திரையாய் விழுங்கிய எண்ணெயின் சொந்தக்காரன்,
காட் மீன்,
துணையை அழைப்பது வாயால் இல்லை.
வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை,
அதைத் தசையால் தட்டித் தட்டி
ஓர் உறுமல்.
பசித்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்குமே, அப்படி.
அவ்வளவு சின்னது அந்தக் காதல்.

பட்டம் சுற்றும்போது ஒரே இரைச்சல்.
பாதி அதனுடையது.
மீதி, அடித்தரையில் கூழாங்கற்களை
உருட்டி விளையாடும் நீருடையது.
உலைவாயை மூடலாம்,
ஊர்வாயைக்கூட ஒருநாள் மூடிவிடலாம்,
ஓதத்தின் வாயை?

ஒரு நாளில் நான்கு தடவை
போகவும் மனமில்லாமல் வரவும் மனமில்லாமல்
நீர் நிற்கும். பட்டமும் நிற்கும்.
அப்போது கேட்கும் உறுமல்:
ஒன்று. இரண்டு. ஒருநாள் பதினொன்று.
பிறகு நீர் புரள, பட்டம் எழ,
ஒன்றுமில்லை.

அவை நிறுத்திக்கொண்டனவா,
அவளுக்குக் கேட்காமல் போயிற்றா,
ஒன்றுக்கொன்று கேட்காமல் போயிற்றா?
மூன்றுக்கும் திரையில் ஒரே கோடு.

நிறுவனத்தார் ஒரு எண் கேட்கிறார்கள்.
ஹெய்னி ஒரு குற்றவாளி கேட்கிறான்.
அவன் வலையில் மூன்று வருடமாய் மீன் குறைவு.
"என்ன தெரிந்தது?" என்று
நீரிணையின் குறுக்கே வந்து விசாரித்துப் போனான்.
அந்த வாரப் பதிவிலேயே
அதிக சத்தம் அவன் விசைப்படகு.
அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.
சொல்லாததற்கு ஈடாக
ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போனாள்.

தலைக்கறி. மண்டையைப் பிளந்து
அவன் கத்தி முனையில் நீட்டினான்
இரண்டு காதுக் கற்கள்,
உரித்த மொச்சை அளவு, பால் வெள்ளை.
அடுத்த நாள் குறுக்கே அறுத்து
விளக்கடியில் வைத்து எண்ணினாள்.
ஏழு வளையம், ஏழு வயது.
பட்டம் வந்தது நான்கு வருடம் முன்பு.
வெளி நான்குக்கும் உள் மூன்றுக்கும் இடையே
விரலை நகர்த்திப் பார்த்தாள்.
கோடு எதுவும் இல்லை.
கல் வயதைச் சொல்கிறது.
எதைக் கேட்டது என்று சொல்லவில்லை.

நான்கு மணி பத்து நிமிடம்.
நீர் நிற்கிறது.
படகு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்
மெல்லச் சுழல்கிறது.
ரன்வா காதுக்கவசத்தை இரு கையாலும் அழுத்துகிறாள்.

ஓர் உறுமல்.

நேற்று மதியத்திலிருந்து
அவள் எதுவும் சாப்பிடவில்லை.
கீழிருந்து வந்ததா,
தன் உடம்பிலிருந்தேதானா?
மூச்சை அடக்குகிறாள்.
இன்னொரு முறை வந்தால் தெரிந்துவிடும்.

வடம் விறைக்கிறது.
அடியில் பட்டம்
முதல் எட்டின் முதல் வளைவில்.