மூன்று குத்து

போஷெனாவின் சறுக்குவண்டி ஆரஞ்சு நிறம்.
அதன் வயிற்றில் ஒரு கருவி.
இழுத்துக்கொண்டு போனால் போதும்,
காலுக்குக் கீழே கடல் எவ்வளவு தொலைவு என்று
சென்டிமீட்டரில் சொல்லிக்கொண்டே வரும்.
போலந்திலிருந்து பாஃபின் தீவுவரை
நான்கு விமானம் மாறி
கைக்குழந்தையைப் போல் கொண்டுவந்தாள்.

என்னிடம் இருப்பது ஈட்டி.
செத்துப்போன ஸ்னோமொபைலின் ஸ்பிரிங் பட்டையை
நானே காய்ச்சி அடித்துத் தீட்டிய முனை.
ஐந்து நாள் விமானத்தளத்தில் மெக்கானிக்,
இரண்டு நாள் கடல்மேல் நடப்பவள்.
சம்பளப் படிவத்தில் மட்டும்
கௌனாக், உதவியாளர்.

ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் திரும்பு.
இரண்டில் வந்தால் நீ மட்டும் நட, வேகமாக, பேசாமல்.
மூன்றையும் தாங்கினால் வண்டி வரலாம்.
எங்கள் கணக்கு அவ்வளவுதான்.
அவள் கணக்கில் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம்.

மார்ச் பதினொன்று. மைனஸ் முப்பத்தொன்று.
குடாவின் வாயில், நீரோட்டம் முறுக்கித் திரும்பும் முனையில்
திரை பச்சையாக இருந்தது.
எழுபத்தொன்று. தாராளமாகப் போகலாம் என்றாள்.
நான் எஞ்சினை அணைத்தேன்.
ஏன் என்றாள்.
காரணம் என் வாயில் இல்லை,
பாதத்தில் இருந்தது:
கிறீச்சிட வேண்டிய பனி
ஈர மணலைப் போல் முனகியது.

காற்று குவித்த பனியை முழங்கால் ஆழம் விலக்கி
ஒரு குத்து.
இன்னொன்று.
ஈட்டி கையைவிட்டுப் போகப் பார்த்தது.
துளை வழியே கறுப்பாக ஏறியது கடல்.

திரையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்,
மறுபடி திரையை.
கருவி பொய் சொல்லாது என்பாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
அவளோ மண்டியிட்டு அளவுகோலை இறக்கினாள்.
"இதற்குப் பனியும் கடற்கட்டியும் ஒன்றுதான்.
இரண்டையும் சேர்த்தே அளக்கிறது."
ஐம்பத்தேழு சென்டிமீட்டர் போர்வை.
பதினான்கு சென்டிமீட்டர் உடம்பு.

அக்டோபரிலேயே கொட்டிய பனி அது.
போர்த்திப் படுத்தவனைக் குளிர் எப்படித் தொடும்?
கடலும் அப்படித்தான்,
இறுகாமல் தூங்கிவிட்டது என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது.

அது அரைமணி நேரம்தான்.
என் துளையிலேயே வெப்பமானியின் கம்பியை விட்டாள்.
இருபது மீட்டரில் மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
நாற்பதில் பூஜ்யத்தைத் தாண்டியது.
கம்பியை மேலே இழுத்து, துடைத்து, மறுபடி விட்டாள்.
தாண்டியது.

போர்வை மட்டும்தான் குற்றவாளி என்றிருந்தேன்.
கீழே அடுப்பும் எரிகிறது.
எந்த ஈட்டிக்கும் எட்டாத ஆழத்தில்.
அப்படியென்றால் பனி தாமதிக்கும் வருடத்திலும்
இந்த முனையை நம்ப முடியாது.
அன்றிரவு கூடாரத்தில்
என் தேநீர் மேலே ஏடு கட்டும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.

ஊர்க்கூடத்தில் வரைபடத்தை விரித்தபோது சண்டை.
சீல்கள் மூச்சுவிடும் துளைகளை
ஊரான் எல்லாம் பார்க்கவா என்றான் நதார்.
பதினாறு புள்ளிகளை அழித்தாள் போஷெனா.
அவளுடைய பேராசிரியரிடமிருந்து
நீளமான மின்னஞ்சல் வந்தது.
அதைப் படித்துவிட்டு
பதினேழாவது ஒன்றையும் அழித்தாள்.

இந்த வருடப் படிவத்தில்
சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் புதிய கட்டம்:
குத்து, ஒன்று, இரண்டு, மூன்று.
கருவிகள் பட்டியலில், கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவில்
ஈட்டி, எண்ணிக்கை ஒன்று.
தயாரிப்பு: கௌனாக்.
வரிசை எண் என்ற இடம் காலி.

ஈட்டி முனையைக் கந்தலால் துடைத்தேன்.
சுத்தியலுக்குத் தப்பிய
ஸ்பிரிங் பட்டையின் பாக எண்
பாதி இன்னும் தெரிகிறது.
தெரிந்த பாதியை எழுதிக் கொடுத்தேன்.

சம்பளப் படிவம்
இன்னும் வந்து சேரவில்லை.