கோட்டுக்கு அந்தப் பக்கம்

பத்து லஞ்சாங் மின்சுடலையில்
பன்னிரண்டரைக்கு எங்கள் முறை.

கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.
வலக்கைச் சுண்டுவிரல் மட்டும்
ஒதுங்கி நீட்டிக்கொண்டிருந்தது,
எப்போதும் போல.

"அது நான் உடைத்தது" என்றார்
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்த ஹாஷிம்.
எழுபத்தாறு. அரையிறுதி. கடைசி நிமிடம்.

பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா,
அன்று சிட்டி ஸ்டேடியத்தில் இருந்த
ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் உண்டு.
இல்லாதவர்களிடம் இரண்டு.
கோல்கீப்பர் வடமலையிடம்
சிரிப்பு மட்டும்தான்.

பத்திரிகையில் மூன்று வரி,
வயது தப்பு.
சங்கத்தின் மலர்வளையத்தில்
'ட'வைக் காணோம்.

ஹாஷிம் அந்த விரலைப் பிடித்தபடி குனிந்து
காதருகே மலாயில் என்னவோ கேட்டார்.

பெட்டியை மூட வந்த பையன்
கொஞ்சம் பொறுத்தான்.
எழுபத்தாறில் அவன் பிறக்கவே இல்லை.
அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.