சுவருக்குள் இரண்டு பிக்சல்

தம்பெரே நகரில்
பகலெல்லாம் டிராம் ஓட்டுகிறாள் தூலிக்கி.
தண்டவாளம் சொன்ன பக்கம்தான் திரும்பும் வண்டி.

இரவில்
மஞ்சள் பாரித்த கண்ட்ரோலர்,
நாலாம் கோட்டையின் செங்கல் சுவர்.

முதுகைக் காட்டிக் குதிக்க வேண்டும்.
நொடியை அறுபதாய் நறுக்கி
அதில் ஒரு துண்டில்
இடப்பக்கம் அழுத்த வேண்டும்.
குதிகால் இரண்டு பிக்சல் கல்லில் புதையும்.
அப்புறம் சுவருக்கே குழப்பம்:
இவனை வைத்துக்கொள்வதா, வெளியே தள்ளுவதா?
தள்ளும்,
மறுபக்கமாய்.

எவனோ தூக்கக் கலக்கத்தில்
சரிபார்க்காமல் விட்ட ஒரு வரி.
முப்பது வருஷமாய்த் திறந்தே கிடக்கிறது.

ஆயிரத்து நானூறாவது தடவை
வழிவிட்டது.
கத்திவிட்டாள்.

பக்கத்து ஃபிளாட் ஹன்னெலே
சுவரைத் தட்டினாள்.
இது நிஜச் சுவர்.
தூலிக்கி எழுந்துபோய்
முதுகைத் திருப்பிச் சாய்ந்து நின்றாள்.
குதிகால் மட்டும்
சும்மா ஒருமுறை
அழுத்திப் பார்த்தது.